சாயம் ஊறும் நேரம்

பார்லரின் நீளக் கண்ணாடியில் மதிய வெயில் சரிந்து விழுகிறது. தபால் ஆபீஸ் அக்கா தலை முழுக்கக் கறுப்புச் சாயமும் அதன்மேல் பிளாஸ்டிக் உறையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சாயம் ஊறும் நேரம்தான் பார்லர்காரிக்கு ஆன்லைன் வகுப்பு. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. சொட்டும் குழாயின் சத்தம் கேட்காதிருக்க அடியில் ஒரு துண்டு கிடக்கிறது. சீப்பு டப்பாவில் சாய்ந்து நிற்கும் கைபேசியில் கட்டம் கட்டமாக முகங்கள். உலகப் பிரச்சினைகள் பற்றிய முதுகலைப் படிப்பு, கடைசிப் பருவம். ஒரே ஆறு ஓடும் இரண்டு நாடுகளில், மேலே இருப்பவர்கள் அணை கட்டி மறித்தால் கீழே இருப்பவர்கள் எந்த உரிமையில் தண்ணீர் கேட்பது என்று பேராசிரியர் பார்லர்காரியைத்தான் கேட்கிறார். இன்று வாய் திறக்காவிட்டால் மதிப்பெண் கிடையாது. அவள் கையுறை முழுக்கச் சாயம். அக்காவே கழுத்தில் கட்டிய போர்வைக்குள்ளிருந்து விரலை நீட்டி மைக்கைத் திறந்துவிடுகிறாள். முதல் வாக்கியம் தடுமாறுகிறது, இரண்டாவது நிமிர்ந்து நிற்கிறது. பேராசிரியர் மறுக்கிறார், கீழே இருப்பவர்களின் பக்கத்தை அவள் விடுவதாக இல்லை. அவர் மறுபடி பேசத் தொடங்கும்போது அக்காவின் நெற்றியில் ஒரு கறுப்புத் துளி இறங்குகிறது.

"அக்கா, நேரமாச்சு. எரியுமே, கழுவிடலாமா?" என்று கிசுகிசுக்கிறாள்.

"எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. அந்த ஆளு முடிக்கப்போறாரு, பாரு. முதல்ல கீழ இருக்கறவங்களுக்குத் தண்ணி வாங்கிக் குடு. அப்புறம் என் தலைக்கு ஊத்தலாம்."