கீரி எடுத்த வக்காலத்து

காட்டுச் சட்டக் கல்லூரியில் கீரியைப் போல் படித்தவர் கிடையாது. ஐந்து வருடத்துச் சட்டப் புத்தகங்களும் அதற்குத் தலைகீழ்ப் பாடம். கடைசித் தேர்வு மட்டும்தான் பாக்கி. சீட்டுக் குலுக்கி நிஜ வழக்கு ஒன்றைக் கொடுப்பார்கள். அதை வாதாட வேண்டும்.

கீரிக்கு வந்த சீட்டில் ஒரு சாரைப்பாம்பின் பெயர் இருந்தது. முந்தின நாள் மைனாவின் முட்டைகளைத் தின்றுவிட்டதாகக் குற்றச்சாட்டு. தோற்றால் பாம்பு காட்டை விட்டே போக வேண்டும்.

“வேற கேஸ் கொடுங்க சார். எங்க பரம்பரையில யாரும் பாம்புக்காகப் பேசினதில்ல,” என்றது கீரி.

“அதனாலதான் இது பரீட்சை,” என்றார் பேராசிரியர் நாரை.

உடம்பெல்லாம் முடி சிலிர்க்க, கீரி பாம்பின் எதிரே போய் உட்கார்ந்தது. “என்ன நடந்துச்சு? சொல்லு.”

“என்னைப் பிடிச்சதிலிருந்து இதை யாருமே கேட்கல,” என்றது பாம்பு. “தோல் உரிக்கிற சமயம். நாலு நாளா எனக்குக் கண்ணே தெரியல.”

அன்று மதியம் நீதிமன்றத்தில் கீரி மைனாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. “நேத்து மரத்துல ஏறின பாம்போட கண் எப்படி இருந்துச்சு?”

“மறக்க முடியுமா? கருகருன்னு மின்னிச்சு.”

“இப்போ இவர் கண்ணைப் பாருங்க.”

பால் ஊற்றினாற்போல் இரண்டும் வெளுத்திருந்தன.

விடுதலையாகி வெளியே வந்த பாம்பு, கீரியின் முடி மேலே குத்தியதும் தயங்கி நின்றது. “ரொம்ப நன்றி வக்கீல் சார். ஆனா உங்க முடி இன்னும் சிலிர்த்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கே?”

“அது படிச்சும் போகல,” என்றது கீரி. “கேஸ் முடிஞ்சிருச்சு. இனி நான் உன் வக்கீல் இல்ல. சீக்கிரம் ஓடிடு.”