அகலக்கால்

பனச்சமூடு ஒர்க்‌ஷாப்பில் ராஜதாஸுக்குப் பொறுமை போய்விட்டது. வினீத்தின் ஸ்போர்ட்ஸ் காரில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த வீல் ஸ்டட் போல்ட் ஒன்று எவ்வளவு அடித்தும் கழன்று வரவில்லை.

“வேகம் அண்ணா! நாலு மணிக்குப் பெண்ணு காணப் போவணும். ஸ்பேசர் வச்சு வீலு வெளிய தள்ளி நிக்கணும். நூற்றம்பதுல வளைச்சாலும் அலுங்கப்பிடாது.”

“பெண்ணு காணவா போற, ரேசுக்கா மக்கா?”

“வண்டி வாற வரத்துலயே பெண்ணு சம்மதிக்கணும் ஆக்கும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு புது ஸ்டட்டையும் ஸ்பேசரையும் ஏற்றி, நட்டுகளை முறுக்கி, ராஜதாஸ் சாவியை நீட்டினார்.

வினீத் கை நீட்டவில்லை. எதிர்த்த பேக்கரியிலிருந்து வந்த அவன் அம்மா ஜெஸி சாவியை வாங்கி, பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள்.

“அங்கோட்டு ஏறி இரிலே! லைசென்சு டெஸ்டுல இந்தத் தடவையும் கம்பிய இடிச்சுத் தோத்துட்டு, நூற்றம்பதுல வளைக்கானாம்!”