பத்து நாள் டெல்லி

"செங்கோட்டைய எப்பம்மா பாப்போம்?" என்றாள் பூங்கொடி.

"மெதுவாப் பேசுட்டி. ஜன்னல் பக்கம் போகாத" என்று அதட்டினான் இசக்கிமுருகன்.

பாண்டிச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டெல்லி, டெல்லின்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சுப் பெட்டியக் கட்டினீய. மூணு நாளா அடைகாக்குத கோழி மாதிரி அறைக்குள்ள கெடக்கோம். பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுதீய?"

"இன்னும் ஒரு வாரம் பல்லக் கடிச்சுக்கோ."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி வெடித்தது. பக்கத்து வீட்டுப் பாலம்மாள் போய்விட்டாள். பாண்டிச்செல்விக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, வண்டி பிடித்து அவளைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள்.

எழுந்தவளின் கையை இசக்கிமுருகன் பிடித்தான். "நாம டெல்லியில இருக்கோம்ட்டி. திரும்பி வந்த மாதிரி போயி துட்டி கேட்டுக்கிடலாம்."

"அதுவரைக்கும் அவ முகம் இருக்குமா?" கையை உதறினாள்.

முன்வாசலில் அவன் தம்பி போட்ட பூட்டு வெளியே தொங்கியது. புறவாசல் வழியாக ஓடினாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் திகைத்தார்கள்.

"டெல்லியிலருந்து எப்பட்டி வந்த?"

"எங்க போனோம்க்கா? டெல்லிக்குப் போயிட்டு வந்ததா ஆபீசுல பொய்க் கணக்குக் காட்டிப் பயணப்படி வாங்கணும்னு, இவிய எங்கள வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காவ."

தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, பாலம்மாளின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.