முன்பக்கம் மட்டும் பெயிண்ட்

"உங்க வருச வருமானம் எவ்வளவுங்க?"

இலுப்பூரிலிருந்து வந்திருந்த வருவாய் ஆய்வாளர் கேட்டதும், உடையப்பன் வேலிப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பங்காளி அடைக்கலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் வருசக்கணக்காகப் பேச்சில்லை. கோயில் கிடாவெட்டில் அடைக்கலத்தின் இலையில் வெறும் எலும்பாக விழுந்ததுதான் காரணம். பரிமாறியவர் உடையப்பன்.

"நமக்கென்ன சார் குறைச்சல்? நெல்லு, கடலை, டிராக்டர் வாடகை, சிங்கப்பூர்ல மகன்..." வேலிக்கும் கேட்கும்படி சொன்னார் உடையப்பன்.

மகள் கலைமதி பதறினாள். "அப்பா, உள்ளதைச் சொல்லுங்கப்பா."

நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அரசாங்க உதவித்தொகை வந்தால்தான் சேர முடியும். அதற்கு, குடும்ப வருமானம் குறைவு என்று சான்று வேண்டும்.

"நட்சத்திரம் பார்க்கவாம்மா அரசாங்கம் பணம் தருது?" என்றார் ஆய்வாளர்.

"சும்மா பார்க்கிறதுக்கு இல்ல சார். ஆராய்ச்சி பண்ணப் பழகுறதுக்கு. அது வரலேன்னா திருச்சி ஜவுளிக்கடையில சேலை மடிக்கத்தான் போகணும்."

வேலிக்கு அப்பால் சிரிப்புச் சத்தம். டீக்கடையில் ஒரு வாரமாக அடைக்கலத்துக்கு இதுதான் பேச்சு. 'வானத்தை அண்ணாந்து பார்க்கச் சம்பளமாம்ல!'

அந்தச் சிரிப்பில் உடையப்பனுக்குச் சூடேறிவிட்டது.

"எழுதிக்கங்க சார். நான் யாருக்கும் எளைச்சவன் இல்ல!"

"அப்ப உதவித்தொகைக்கு வழியில்லைங்க." ஆய்வாளர் பேனாவை மூடினார். கலைமதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்புட்டும் புளுகு சார்!" வேலிக்கு மேல் அடைக்கலத்தின் தலை தெரிந்தது. "டிராக்டரை பேங்க்காரன் இழுத்துட்டுப் போயாச்சு. போர்ல சொட்டுத் தண்ணியில்ல. சிங்கப்பூரு மகன் வேலை போயி இங்கிட்டுத்தான் சுத்துறான். அவன் கழுத்துல சங்கிலி மினுக்குதே, அது கவரிங்கு!"

"டேய்!"

"வீட்டுக்கு முன்பக்கம் மட்டுந்தான் பெயிண்டு சார். பின்னாடி போயிப் பாருங்க."

ஆய்வாளர் போய்ப் பார்த்தார். பூசாத செங்கல் சுவர். கூரை மேல் கிழிந்த தார்ப்பாய். அடுப்படியில், மழை ஒழுகும் இடத்தில் ஒரு குண்டான்.

"அவரு சொல்றது நிசமாம்மா?"

"சித்தப்பா சொன்னது எல்லாமே நிசம் சார்" என்றாள் கலைமதி. உடையப்பன் தரையைப் பார்த்தார்.

"சரி, சான்று கொடுத்துரலாம்" என்று கிளம்பினார் ஆய்வாளர்.

"அதிகாரி முன்னாடி என் மானத்தை வாங்கிட்டான். இனி செத்தாலும் அவன் மொகத்துல முழிக்க மாட்டேன்!" உடையப்பன் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

தெருமுனையில் ஆய்வாளரின் பைக்கை மறித்து நின்றார் அடைக்கலம்.

"புள்ளைக்குக் கெடைச்சிரும்ல சார்?" குரல் இறங்கியிருந்தது. "பத்தாதுன்னா சொல்லுங்க. வந்து இன்னும் கொஞ்சம் திட்டுறேன்."