சீராகப் போட்ட ஊசி

செவ்வந்திக்குக் கல்யாணச் சீராக அப்பா நகையும் போட்டார், ஊசியும் போட்டார். அந்த ஊசியைப் போட்டால், எங்கே அடிபட்டாலும் உடம்பின் செல்கள் புரதங்கள் வழியாகச் சேதி அனுப்பி, ஒரு மணி நேரத்தில் காயத்தை ஆற்றிவிடுமாம். "எம்பொண்ணு மேல ஒரு தழும்பு விழாது" என்று பந்தலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

மாப்பிள்ளைக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மனம்போல அடித்தான். மறுநாள் மாமனார் வந்து பார்த்தால் மகளின் முகம் பளபளவென்றிருந்தது.

ஒருநாள், ஓங்கிய பெல்ட்டைத் தடுத்த அவள் கையைப் பிடித்து முறுக்கி, சுண்டுவிரலை ஒடித்தான். வீங்கிய முகத்தோடு செவ்வந்தி போலீஸ் ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறினாள். இறங்கும்போது வலி மட்டும்தான் மிச்சமிருந்தது.

பெண் இன்ஸ்பெக்டர் அவள் முகத்தையும் முதுகையும் பார்த்தார். "எங்கம்மா அடிச்சாரு? ஒண்ணையும் காணோமே."

"ஊசி போட்டிருக்கு மேடம். எல்லாம் ஆறிடுச்சு."

"ஆறிடுச்சுல்ல? அப்புறம் எதுக்கும்மா கேஸு?"

நேராக வைத்துக் கட்ட ஆளில்லாமல், ஒடிந்த விரல் வளைந்தபடியே சேர்ந்திருந்தது. அதுவாவது சாட்சி சொல்லட்டும் என்று செவ்வந்தி மேஜைமேல் கையை வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் அந்த விரலை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"அடப் பாவமே, பொறவியிலயே கோணலா?"