இறந்த தேதி

பாஸ்போர்ட்டைப் பறித்துத் தன்னை அந்நிய நாட்டில் நிற்கவைத்த ஆட்சி கவிழ்ந்ததும், முப்பத்து மூன்று வருடம் கழித்து ஜாவாவுக்குத் திரும்பினாள் வார்சினி. நோன்பு மாதம் பிறக்கும்முன் கபர்களில் பூத் தூவுவது அங்கே வழக்கம். தங்கை தர்மி கூட்டிப்போனாள். அப்பா, அம்மாவுக்கு அடுத்த கபர் வார்சினியுடையது. தேக்குப் பலகையில் பெயர், பிறந்த தேதி, அடியில் இறந்த தேதி.

“பட்டாளத்து சார்ஜன்ட் ஒருத்தன் வாரம் தவறாம வந்து, ‘வார்சினி எங்கே?’ன்னு அப்பாவை அடிச்சான்க்கா. நீ செத்துட்டேன்னு இதை நட்டுக் காட்டினப்புறந்தான் விட்டான்,” என்று தர்மி தலைகுனிந்தாள்.

வார்சினி கூடைப் பூவையெல்லாம் அந்த வெற்று மண்மேல் கொட்டினாள். பலகையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். வீட்டில் ரம்பத்தைத் தேடியெடுத்து, இறந்த தேதியை மட்டும் அறுத்து அடுப்பில் செருகினாள். மிச்சத்தை வாசல் கதவில் வைத்து ஆணியடித்தாள்.

சாயங்காலம் தெருவில் போன கிழவர் ஒருவர், கைத்தடியை ஊன்றிப் பலகையையே பார்த்தபடி நின்றார். தர்மி அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“அக்கா, அவன்தான்.”

வார்சினி கதவை அகலத் திறந்தாள்.

“வார்சினி எங்கேன்னு கேட்டீங்களாமே,” என்றாள். “இப்போ கேளுங்க.”