டைம்டேபிள் ஒட்டிய அறை

படிக்கத் தொடங்குமுன் டைம்டேபிள் போடுவது சிந்துஜாவின் வழக்கம். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, பாடத்துக்கொரு நிறத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவாள். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது ஆறு ஐந்தாகிவிட்டால் போதும், அந்த டைம்டேபிள் திரிந்த பால்தான். அதன் மேலேயே புதியதை ஒட்டிவிடுவாள். வருடம் முழுக்க ஒட்டியதில் சுவர்கள் தடித்து உள்ளே நகர்ந்து வந்துவிட்டன. முதலில் கட்டிலை வெளியே தள்ளினாள், பிறகு மேசையை. சுவரில் இடம் போதாமல் கதவிலும் ஒட்டினாள். இப்போது முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரத்தான் இடமிருந்தது.

அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டினாள்.

"ஒன்பதரைக்குப் பரீட்சைடி. வெளியில வா."

"கதவைத் தொறந்தா டைம்டேபிளெல்லாம் கிழிஞ்சிடும்மா."

"கிழிஞ்சா கிழிஞ்சிட்டுப் போகுது! தாழ்ப்பாள எடு."

சிந்துஜா எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐந்து.

"ஒன்பது மணிக்குக் கரெக்டா தொறந்துடுறேம்மா."

மறுபடி உட்கார்ந்து மடியில் புதுத் தாளை விரித்தாள். 'ஒன்பது மணி: கதவைத் திறப்பது' என்று முதல் கட்டத்தில் சிவப்பில் எழுதினாள். எழுத்து அழகாக வந்திருந்தது. ஒட்ட இடம் தேடினாள். தாழ்ப்பாள் மட்டும்தான் இன்னும் மூடாமல் இருந்தது.